மாத்திரைப் பையோடு கவுண்டி சிறை வாசலில்

இங்கே அமெரிக்காவில் என் தம்பி கைதானது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. இருமுனைக் கோளாறு என்ற மனநோய்க்கு ஆறு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவன். மறுநாள் காலையிலேயே மாத்திரைப் புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிறைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெளி மருந்து வாங்க மாட்டோம்." சரி, உள்ளே மருந்து கொடுக்கிறீர்களா? "அதைச் சொல்ல முடியாது. அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும்." அவனைப் பார்க்க எப்போது விடுவீர்கள்? "புதன்கிழமை."

திரும்பும் வழியில்தான் உறைத்தது. அவர்கள் நம்மிடம் சொல்லத்தான் தடை, நாம் அவர்களிடம் சொல்ல ஒரு தடையும் இல்லை. சிறையின் மருத்துவப் பிரிவுக்கு ஃபேக்ஸ் (ஆமாம், இன்னும் ஃபேக்ஸ்தான்) அனுப்பினேன். ஒரே பக்கம்: பெயர், பிறந்த தேதி, புக்கிங் நம்பர் (சிறையில் கைதிக்குத் தரும் பதிவு எண்), நோய், மருந்து, அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நாள், டாக்டர் போன் நம்பர். செவ்வாய் சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "அண்ணா, மாத்திரை வந்துடுச்சு." இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

செலவு விஷயத்திலும் ஏமாந்தேன். மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கார்டு இருக்கிறதே என்று நினைத்தேன். சிறைக்குள் இருப்பவருக்குப் பொதுவாக மெடிக்கெய்டு பணம் தராது. 1965இல் திட்டம் வந்தபோதே போட்ட விதி. தண்டனை ஆகாமல் வழக்குக்குக் காத்திருப்பவனுக்கும் இதேதான். வெளி ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உள்நோயாளியாகச் சேர்த்தால் விலக்கு உண்டு. மற்றதெல்லாம் பெரும்பாலும் கவுண்டியின் தலையில். கவுண்டி எங்கே கையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்கிறது என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

சோப்புக்கும் நூடுல்ஸுக்கும் ஆகட்டும் என்று தம்பியின் கமிசரி (சிறைக்குள் இருக்கும் கடை) கணக்கில் 50 டாலர் போட்டிருந்தேன். அதில் 10 டாலர் காணோம், மருத்துவக் கட்டணமாம். மனநல சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்று அந்தச் சிறையின் கையேட்டிலேயே இருக்கிறது. இவன் டாக்டரைப் பார்க்கக் கேட்டு எழுதும் சீட்டில் 'தூக்கம் வரவில்லை' என்று மட்டும் எழுத, அதைப் பொது மருத்துவத்தில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் ஆள் உள்ளே இருந்தால், சீட்டில் முதல் வார்த்தையாக 'மனநலம்' என்று எழுதச் சொல்லுங்கள். புகார்ப் படிவம் போட்டான், மூன்று வாரத்தில் 10 டாலர் திரும்ப வந்தது. லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

வழக்கு, ஜாமீன் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொண்டார். வெளியே வந்த அன்று பார்மசியில் கார்டு செல்லவில்லை. மெடிக்கெய்டை ரத்து செய்யவில்லை, நிறுத்திவைத்திருந்தார்கள். (2026 ஜனவரியிலிருந்து எந்த மாநிலமும் ரத்து செய்யக் கூடாது, நிறுத்திவைக்க மட்டுமே முடியும்.) ஆனால் விடுதலையான தகவலைச் சிறை அனுப்பினால்தானே அதை மறுபடி திறப்பார்கள்? விடுதலைத் தாளைக் கேட்டு வாங்கி அன்றைக்கே நீங்களே மெடிக்கெய்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். நான் ஆறு நாள் காத்திருந்த பிறகுதான் அனுப்பினேன், கார்டு வேலை செய்ய ஒன்பது நாள் ஆனது. லித்தியம் மலிவு, இன்னொரு மாத்திரைதான் பர்ஸைக் காலி செய்தது. அந்தக் காசைத் திரும்பக் கேட்டு ரசீதோடு எழுதிப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.