பியானோவைச் சுற்றி நால்வர்

1956 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள சன் என்ற ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பியானோவின் முன் அமர்ந்திருக்க, சக பாடகர்களான ஜெர்ரி லீ லூயிஸ், கார்ல் பெர்கின்ஸ், ஜானி கேஷ் ஆகிய மூவரும் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அன்றைய ஒலிப்பதிவு உண்மையில் பெர்கின்ஸுடையது; அதில் பியானோ வாசிக்க வந்த லூயிஸ் அப்போது அதிகம் அறியப்படாத இளைஞர். ஓராண்டுக்கு முன்பே சன் நிறுவனத்தை விட்டு வேறு இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சென்றுவிட்ட எல்விஸ், பழைய இடத்தைப் பார்க்க வந்தவர், பியானோவில் அமர்ந்து பாடத் தொடங்கிவிட்டார்.

ஸ்டுடியோ உரிமையாளர் சாம் பிலிப்ஸ் உள்ளூர் நாளிதழுக்குச் சொல்லியனுப்பியதால்தான் நமக்கு இந்தப் படம் கிடைத்தது. முழுப்படத்தில் பியானோவின்மேல் எல்விஸின் தோழி ஒருவரும் அமர்ந்திருக்கிறார். பெரும்பாலான பிரதிகளில் அவரை வெட்டிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தமே. தேவாலயப் பாடல்கள் நிறைந்த அன்றைய ஒலிநாடா 1981இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது. நால்வரில் கடைசியாக எஞ்சியிருந்த லூயிஸ் 2022 அக்டோபரில் காலமான அன்று, இந்தப் படத்தைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.