கல்லின் உராய்வா, ஜாக்கியின் உராய்வா?

மேலூர் பக்கத்துக் கிரானைட் பட்டறை ஒன்றில் வீணாகக் கிடந்த ‘காஷ்மீர் ஒயிட்’ துண்டில் கோர் (உருளை வடிவத் துண்டு) போட்டு வாங்கினேன் (பெயரில்தான் காஷ்மீர், வெட்டுவதெல்லாம் நம்ம ஊரில்தான்). 25 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அழுத்தினால் எவ்வளவு குறுகுகிறது, அழுத்தத்தை விட்டால் போன வழியிலேயே திரும்புகிறதா என்று பார்க்க ஆசை.

திரும்பாது என்று 1965-லேயே பாறை ஆய்வாளர் ஜே.பி. வால்ஷ் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கல்லுக்குள் மயிரிழையைவிட மெல்லிய விரிசல்கள் ஏராளம். அழுத்தும்போது சில விரிசல்கள் மூடிக்கொள்ளும். சாய்வாகக் கிடப்பவற்றில் மூடிய முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலும் சேர்ந்துதான் கல் கூடுதலாகக் குறுகுகிறது. அழுத்தத்தைக் குறைத்ததும் சுற்றியுள்ள கல் ஸ்பிரிங் மாதிரி அந்த முகங்களைத் திருப்பித் தள்ளப் பார்க்கும். ஆனால் உராய்வு இப்போது எதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கணிசமாகக் குறைத்தால்தான் பிடி விடும். அதனால் அழுத்தத்தை மேல்நோக்கியும் குறுகலைப் பக்கவாட்டிலும் வைத்து வரைபடம் போட்டால், இறங்கத் தொடங்கும் இடத்தில் கோடு ஏறியதைவிடச் செங்குத்தாக விழ வேண்டும். ஏறிய கோட்டோடு சேர்ந்து ஒரு வளையமாக வேண்டும்.

கப்பலூரில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் எண்ணெய் ஜாக்கியால் அழுத்தும் 10 டன் பிரஸ் இருந்தது. “என்ன தம்பி, கல்லைப் பிழிஞ்சு சாறு எடுக்கப் போறீங்களா?” என்றார். முதல் நாள் இரண்டு தட்டுகளுக்கு இடையே டயல் கேஜ் வைத்து அளந்தேன். மீள்மைக் குணகம் (கல்லின் விறைப்பைச் சொல்லும் எண்) 11 கிகா பாஸ்கல் வந்தது. கான்கிரீட்டே இதைவிட விறைப்பு! கல்லோடு சேர்த்துத் தட்டு, முனை இடைவெளி எல்லாவற்றையும் அளந்திருக்கிறேன். கல்லின் மேலேயே 40 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையம் மாட்டி, இருபுறமும் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை காட்டும் டயல் கேஜ் வைத்த பிறகுதான் எண்கள் ஒழுங்குக்கு வந்தன.

அடுத்த ஞாயிறு 50 மெகா பாஸ்கல் வரை, அதாவது சுமார் இரண்டரை டன் வரை ஏற்றி இறக்கினேன். அழகான வளையம், இறங்கும் கோடு செங்குத்து. அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

மறுநாள், சும்மா ஒரு சந்தேகத்துக்கு, அதே அளவு இரும்புக் கம்பியை வைத்துப் பார்த்தேன். அதற்கும் அதே வளையம்! இரும்பில் எங்கே விரிசல்? சுமையை நான் பிரஸ்ஸின் எண்ணெய் அழுத்தக் கேஜில்தான் படித்தேன்; அதன் பிஸ்டன் சீல்தான் காரணம். ஏற்றும்போது எண்ணெய் அழுத்தம் சீலின் உராய்வையும் தள்ள வேண்டும். இறக்கும்போது அதே உராய்வு சுமையைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கேஜில் அழுத்தம் விழுந்தாலும் கல்லின் மேலுள்ள சுமை உடனே குறையாது. நான் தேடிய உராய்வு கல்லுக்குள், கிடைத்தது ஜாக்கிக்குள்.

சுமையை நேரடியாக அளக்கும் ஐந்து டன் லோடு செல் ஒன்றைக் கோருக்கு அடியில் வைத்தேன். கம்பியின் வளையம் காணாமல் போனது. சரி, கல்? கோடுகளுக்கு இடையே ஒரே ஒரு டயல் பிரிவு வித்தியாசம். அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

அப்புறம்தான் விரிசலைக் கூட்ட கல்லைச் சுடலாம் என்று தோன்றியது. பல் செட் செய்யும் நண்பரின் அடுப்பில் மெதுவாக 600 டிகிரிக்கு ஏற்றி, அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டேன். 573 டிகிரியில் கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் உருமாறிப் பெருக்கும். பக்கத்திலுள்ள இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பார் அந்த அளவுக்குப் பெருக்காது. துகள்களின் எல்லையெல்லாம் பிளக்கும். உடைந்துவிடுமோ என்று அக்ரிலிக் தடுப்பு வைத்து, 30 மெகா பாஸ்கலோடு நிறுத்திக்கொண்டேன். முதல் சுற்றில் கல் கொஞ்சம் நிரந்தரமாகவே குறுகிவிட்டதால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் சுற்றில் 20 மெகா பாஸ்கலிலிருந்து 30-க்கு ஏறியபோது கல் 20 மைக்ரான் குறுகியது; 30-லிருந்து 20-க்கு இறங்கியபோது திரும்பி வந்தது 12 மட்டும். மூன்று சுற்றிலும் கிட்டத்தட்ட இதே கதை.

நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது லேத் அண்ணன் இரண்டு கோர்களையும் எடுத்து ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். சுடாதது ‘டிங்’. சுட்டது ‘டொக்’.

“இதைக் கண்டுபிடிக்கவா தம்பி இத்தனை ஞாயிற்றுக்கிழமை?”