நாடி ஒழுங்கில்லையா? நெஞ்சில் வைத்து எண்ணுங்கள்

நாடி தாறுமாறாக ஓடும் நோயாளிக்கு மணிக்கட்டைப் பிடித்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவதை நிறுத்த வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை) சில துடிப்புகளுக்கு முன் கீழறை நிரம்ப நேரமே கிடைப்பதில்லை. இதயம் சுருங்கினாலும் போதிய ரத்தம் வெளியேறாது. அந்தத் துடிப்பு மணிக்கட்டுக்கு வந்து சேராது.

நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும் இடத்தைக் கண்ணளவில் குத்துமதிப்பாக எடுக்காதீர்கள். கழுத்துக்குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழுள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. இடப்பக்கம் ஐந்தாவது இடைவெளி வரை எண்ணி, காறை எலும்பின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே வாருங்கள். சத்தம் மங்கலாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்போது துடிப்பு சற்று வெளிப்பக்கம் நகரும். அதைப் பார்த்து இதயம் பெரிதாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

ஸ்டெதாஸ்கோப்பின் தட்டையான பக்கமான டயஃப்ரத்தை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். லப்-டப் இரண்டும் சேர்ந்தே ஒரு துடிப்பு. மாணவிகள் அதை இரண்டாக எண்ணுவதால்தான் 80 என்பது 160 ஆகிறது.

அடுத்து இரண்டு பேர், ஒரே கடிகாரம், ஒரே நிமிடம். நெஞ்சில் 110, மணிக்கட்டில் 88 என்றால் வித்தியாசம் 22. மூன்று எண்ணையும் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தான டிகாக்ஸின் தருமுன் நெஞ்சில் ஒரு நிமிடம் எண்ணுவது கட்டாயம். பெரியவர்களுக்கு நெஞ்சுத் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து மருத்துவரை அழையுங்கள். குமட்டலோ மஞ்சளான பார்வையோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.