ஜோ ஹாரியட்டை இன்னும் நிறைய பேர் கேட்க வேண்டும்

இந்த வாரம் முழுக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டின் ‘ஃப்ரீ ஃபார்ம்’ ஆல்பம்தான் ஓடுகிறது. ஆல்ட்டோ சாக்ஸபோன் இவ்வளவு கூர்மையாகவும் ஏக்கத்தோடும் ஒலிக்குமா என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

1928-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் வளர்ந்து, அங்கேயே கிளாரினெட் கற்றார். 1951-இல் ஒரு இசைக்குழுவோடு இங்கிலாந்து வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். ஆரம்பத்தில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் வழியில் வாசித்தார். அப்புறம் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் கிடந்த நாட்களில் வேறு யோசனை வந்தது: முன்கூட்டி முடிவு செய்த தாளமோ கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசையோ இல்லாமல், குழுவின் ஐந்து பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசிப்பது. 1960-இல் அதை ‘ஃப்ரீ ஃபார்ம்’ ஆல்பமாக ஒலிப்பதிவு செய்தார். அமெரிக்காவில் இதே போலக் கட்டற்ற ஜாஸ் வாசித்த சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனைப் பார்த்துச் செய்தது என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கேட்டுப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு உலகம். ஹாரியட் குழுவில் ஷேக் கீனின் ட்ரம்பெட்டும் கோல்ரிஜ் குட்டின் பேஸும் (bass) உரையாடுவதுபோல் பின்னிக்கொள்ளும். அவர்களும் கரீபியனிலிருந்து வந்தவர்களே.

பிறகு, கல்கத்தாவில் பிறந்த இசையமைப்பாளர் ஜான் மேயருடன் சேர்ந்து, இந்திய இசையும் ஜாஸும் கலந்த இந்தோ-ஜாஸ். ஐந்து ஜாஸ் கலைஞர்கள், இந்திய இசைக்கு ஐந்து பேர், சிதாரும் தபலாவும் உண்டு. ராகத்துக்குள் ஹாரியட் நுழையும் இடங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை.

கடைசி வருடங்களில் வேலை குறைந்து, ஊர் ஊராகப் போய்க் கிடைத்த குழுவோடு வாசித்தார். 1973 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தபோது வயது 44. கையில் காசில்லை. இது இன்றும் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் ‘அப்ஸ்ட்ராக்ட்’ ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்.