மூடியைச் சாய்த்தால் மட்டும் வரும் கோடு: ஒரு வாரண்டி அனுபவம்

லேப்டாப் வாங்கி எட்டாவது மாதம். ஆய்வேட்டின் நான்காவது இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரை ஒருமுறை துடித்தது. கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை மெல்லிய பச்சைக் கோடுகள் எழும்பி நடுங்கின. பதறிப்போய் மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன், உடனே எல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் மறுபடியும் அதே துடிப்பு. ஒரு வாரத்தில் திரையை எந்தக் கோணத்தில் வைத்தால் வேலை செய்யலாம் என்று தேடித்தேடி வைப்பதே வழக்கமாகிவிட்டது.

கஸ்டமர் கேரைக் கூப்பிடும் முன் மூன்று விஷயங்களைச் சோதித்தேன். திரையில் கோளாறு வந்தால் எல்லோரும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளில் வேறு ஒரு மானிட்டரை மாட்டினேன். லேப்டாப் திரையில் கோடுகள் ஆடிக்கொண்டிருந்த அதே நொடியில் மானிட்டரில் படம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. அடுத்து, ரீஸ்டார்ட் செய்து, லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரைக்குள் போனேன். விண்டோஸும், திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளும் அங்கே இன்னும் ஏறியிருக்காது. அங்கேயும் கோடு வந்தது, ஆக டிரைவர் கோளாறும் இல்லை. மூன்றாவது அந்தக் கோணம். நேராக நிமிர்த்தினால் கோடு, பின்னால் சாய்த்தால் நின்றுவிடும். மூடியை அசைக்கும்போது வந்து போகும் பழுது என்றால் முதல் சந்தேகம் கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் மேல்தான் விழ வேண்டும். மதர்போர்டிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் மெல்லிய கேபிள் அது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிர்கிறது.

இப்படி ஒரு பழுது வருவது புதிதும் இல்லை. 2016இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இதே மாதிரி திரைக் கேபிள் தேய்ந்து, திரையின் அடியில் வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரிந்ததும், 2019 மே மாதம் ஆப்பிள் அதற்கென்று இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கும். என்னுடையது வேறு கம்பெனி, வேறு மாடல். ஆனால் கீல் இருக்கிற இடத்தில் கேபிளுக்கு என்ன நடக்கும் என்பது எல்லா லேப்டாப்புக்கும் பொதுதான்.

இவ்வளவையும் போனில் சொன்னேன்.

"மேடம், டிரைவர் அப்டேட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பயாஸ்லயே வருதுங்க. டிரைவர் இன்னும் லோடே ஆகாத இடம் அது."

"சரிங்க மேடம். அப்போ ஒரு தடவ விண்டோஸ் ரீசெட் பண்ணிப் பாருங்க. சரியாகலன்னா கூப்பிடுங்க."

எதிரில் பேசியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை ஒன்று இருக்கிறது, அதை முடிக்காமல் அடுத்த கட்டத்துக்கு அவரால் போக முடியாது. ஆனால் அந்த வரிசைக்காக என் ஆய்வேடு இருக்கிற டிஸ்க்கை அழிக்க நான் தயாராக இல்லை. மூன்றாவது தடவை பேசியபோது கேட்கும் விதத்தை மாற்றினேன். "ரீசெட் பண்ண மாட்டேன். பயாஸ் திரையில கோடு வருதுன்னு புகார் டிக்கெட்ல எழுதிட்டு, அந்த நம்பரைச் சொல்லுங்க" என்றேன். அன்றுதான் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்கள்.

வாரண்டி தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. நான் வாங்கிய நாளுக்கு ஏழு வாரம் முன்னாலேயே வாரண்டி தொடங்கிவிட்டதாகக் கம்பெனிக் கணக்கு காட்டியது. கம்பெனியை விட்டுப் பெட்டி கிளம்பிய நாளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பில்லை அனுப்பியதும் இரண்டே நாளில் திருத்திவிட்டார்கள். உங்களுடையதையும் இன்றே பார்த்துவிடுங்கள், பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

முதல் பயணம் பன்னிரண்டு நாள். திரும்பி வந்த பெட்டிக்குள் ஒரு தாள்: "பழுது எதுவும் கண்டறியப்படவில்லை." மூடியைத் திறந்து நிமிர்த்தினேன். கோடு.

அன்று உட்கார்ந்து அழுதேன். பிறகு யோசித்தபோது அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று புரிந்தது. மூடியை நன்றாகச் சாய்த்து மேசைமேல் வைத்து, கம்பெனியின் சோதனை மென்பொருளை ஓடவிட்டிருப்பார்கள். மெமரி, டிஸ்க், பேட்டரி, எல்லாம் பாஸ். மூடியை யாரும் அசைத்திருக்க மாட்டார்கள். விட்டுவிட்டு வரும் பழுதை, எப்போது வருகிறது என்று சொல்லாமல் அனுப்பினால் அது எளிதில் ஒளிந்துகொள்ளும். நான் போனில் சொன்ன கோணம், பெட்டியைப் பிரித்தவரின் கைக்குப் போகவே இல்லை.

அதனால் வீடியோ எடுத்தேன். வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக ஒன்றரை நிமிடம். முதலில் லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பர், பிறகு பயாஸ் திரை, பிறகு மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைப்பது. கோடு வருகிறது, போகிறது, அதே இடத்தில் மறுபடி வருகிறது. டிக்கெட்டோடு அதை அனுப்பிவைத்தேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் "மூடியை நேராக நிமிர்த்திப் பார்க்கவும். வெளி மானிட்டரில் கோடு வராது. டிஸ்ப்ளே கேபிளைச் சோதிக்கவும்" என்று எழுதி, விசைப்பலகைமேல் ஒட்டினேன். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். பின்னால் யாராவது "கீறல் உங்களுடையது" என்று சொன்னால் காட்ட வேண்டுமே.

இரண்டாவது பயணம் பத்தொன்பது நாள். இந்தத் தடவை மதர்போர்டையே மாற்றியிருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் நீலத் திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கேட்டது, 48 இலக்கம். டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் ரகசியம் மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பகுதியோடு கட்டப்பட்டிருக்கிறது. போர்டு மாறினால் பழைய டிபிஎம் போய்விடும், விண்டோஸ் உங்களை அடையாளம் தெரியாத ஆளாக நினைக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து விண்டோஸ் 11 அமைத்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சாவி பெரும்பாலும் அதே அக்கவுண்டில் சேமித்திருக்கும். நான் அனுப்பும் முன்பே அதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆய்வேட்டையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்திருந்தேன். 48 இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டும்போது விரல் நடுங்கியது. திறந்தது. நான்காவது இயல் அப்படியே இருந்தது. மூடியை நிமிர்த்தினேன்.

கோடும் அப்படியே இருந்தது.

புதுச் சிக்கலும் ஒன்று சேர்ந்திருந்தது. மதர்போர்டை மாற்றினால் லேப்டாப்பின் சீரியல் நம்பரைப் புதுப் போர்டுக்குள் எழுத வேண்டும். எழுதவில்லை. பயாஸில் நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி. கம்பெனியின் உதவி மென்பொருளுக்கு என் லேப்டாப்பைத் தெரியவில்லை, வாரண்டியையும் காட்டவில்லை. அவர்கள் விட்ட தவறால் என் வாரண்டியே கேள்விக்குறியானது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இதற்குமேல் போனில் பேசவில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தேன். மேலதிகாரியின் பார்வைக்கு என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்துக்குள் மின்னஞ்சல். எந்தத் தேதியில் என்ன டிக்கெட் நம்பர், யார் என்ன செய்தார்கள், என்ன மாறவில்லை. பயாஸில் காலியாக இருந்த இடத்தின் போட்டோ. அதே வீடியோ மறுபடியும். கடைசியில் இரண்டு கேள்விகள் மட்டும்: டிஸ்ப்ளே கேபிளை மாற்றுவீர்களா? மாற்ற மாட்டீர்கள் என்றால் காரணத்தை எழுத்தில் தருவீர்களா? திட்டி எழுதிய முதல் வடிவத்தை அனுப்பவில்லை. மனசு ஆறட்டும் என்று ஒருநாள் வைத்திருந்து, சுருக்கி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் வீடியோவை முழுசாகப் பார்த்திருந்தார். "நாற்பதாவது நொடியில் தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதியிருந்தார். இத்தனை நாளில் நான் சொன்னதைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவர்தான். அந்த ஒரு வரியைப் படித்ததில் பாதி களைப்பு போய்விட்டது.

மூன்றாவது தடவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒன்பதாம் நாள் நானே போய் வாங்கினேன். டெக்னீஷியனிடம், "கழட்டுன கேபிளைக் கொஞ்சம் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். பழைய பாகம் கம்பெனிக்குத் திரும்பப் போக வேண்டும், கையில் தர முடியாது, ஆனால் பார்க்கலாம் என்றார். கருப்பு நாடா சுற்றிய, விரல் அகலம்கூட இல்லாத கேபிள். கீலுக்குள் மடங்கும் இடத்தில் நாடா பிய்ந்து, உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகள் தெரிந்தன. அதில் இரண்டின் உறை உரிந்து செம்பு மின்னியது. "கேபிளைக் கவ்விப் பிடிக்கிற கிளிப் சரியா உக்காரல மேடம். மூடும்போதெல்லாம் உரசியிருக்கு" என்றார். அங்கேயே நின்று மூடியை முப்பது தடவை திறந்து மூடிப் பார்த்தேன். பயாஸில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்த்தேன். சர்வீஸ் அறிக்கையில் மாற்றிய பாகத்தின் பெயரை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்.

லேப்டாப் என் கையில் இல்லாத நாட்கள் மொத்தம் நாற்பது. அந்த நாட்களை வாரண்டியில் சேர்க்கக் கேட்டு எழுதினேன். முப்பது நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். மீதிப் பத்து நாளையும் கேட்டு நேற்று மறுபடி எழுதியிருக்கிறேன்.