தெரிந்தால் எடுத்துவிட வேண்டுமா?

"தெரியுதே சார், எடுத்துடலாமா?" மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை மூக்கு வழியாக, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எடுத்து முடித்து, சரிபார்க்கச் சாய்வாகப் பார்க்கும் 30 டிகிரி எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டபோது ஈ.என்.டி. மருத்துவர் கேட்டது இது. சுரப்பியின் பக்கத்திலுள்ள சிரை ரத்த அறையான கேவர்னஸ் சைனஸின், இடப்பக்க உட்சுவரை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. வேண்டாம் என்று முடிவானது. அது சரியா என்ற கேள்வி மட்டும் ஓயவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் ஆழம் நன்றாகப் பிடிபடும், இரண்டு கையாலும் வேலை செய்யலாம். ஆனால் மூக்கை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் விடும் நேர்கோட்டைத் தாண்டிப் பார்வை போகாது. சுரப்பி அமர்ந்திருக்கும் எலும்புக் குழியான செல்லாவின் பக்க மூலைகளில், சுரண்டும் கருவியான கியூரெட்டின் வளைவையும் விரலின் உணர்வையும் நம்பித்தான் சுரண்ட வேண்டும். 4 மி.மீ. எண்டோஸ்கோப் அந்த மூலைக்கே போய்த் திரும்பிப் பார்க்கிறது. படம் தட்டையாக இருக்கும், லென்ஸில் ரத்தம் பட்டால் கழுவும்வரை குருடுதான்.

எதில் செய்தாலும் வரிசை ஒன்றே: முதலில் கீழே, பிறகு பக்கங்கள், மேல்பகுதி கடைசியில். மேலே முதலில் காலி செய்தால், செல்லாவின் கூரையாக இருக்கும் சவ்வான டயாஃப்ரம் தொங்கி இறங்கிப் பக்கங்களை மறைத்துவிடும். அந்த மடிப்பில்தான் மிச்சம் ஒளியும். அங்கே இழுத்தால் மூளையைச் சூழ்ந்த மெல்லிய உறையான அரக்னாய்டு கிழிந்து மூளைத் தண்டுவட நீர் கசியும். இங்கே வரிசை தவறவில்லை. துண்டு நின்றது பார்வைக் கோட்டுக்கு வெளியே.

முன்பே எடுத்த எம்ஆர்ஐயில், கட்டி கேவர்னஸ் சைனஸ் பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும் க்னாஸ்ப் தரம் 2. கட்டி சுவரைத் துளைத்திருக்கிறதா, வெறுமனே தள்ளியிருக்கிறதா என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாத தரம். சுவருக்கு அப்பால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியும், கண்ணை அசைக்கும் ஆறாவது நரம்பும். ஹார்மோன் சுரக்காத கட்டி. பார்வை நரம்பின் அழுத்தம் விலகி, டயாஃப்ரம் இறங்கித் துடித்துக்கொண்டிருந்தது. வந்த வேலை முடிந்தது என்று சொல்ல இவ்வளவு போதும்.

போதுமா? துண்டு மென்மையாகத்தான் இருந்தது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரை வைத்து கரோடிட் எங்கே என்று பார்த்துவிட்டு உறிஞ்சியிருக்கலாம். இதுவே வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டியென்றால் இந்த வாதம் நிற்காது. அத்தனை சிறிய மிச்சமே ஹார்மோனை ஏற்றி வைத்திருக்கும். கதிர்வீச்சு கொடுத்தாலும் அது இறங்க வருடங்கள் ஆகும்.

எண்டோஸ்கோப்பை உள்ளே விடாமலே மூடியிருந்தால், குறிப்பில் 'முழுதும் எடுக்கப்பட்டது' என்று மனசாட்சியோடு எழுதியிருப்போம். அதுதான் உறுத்துகிறது. நரம்பியல் அறுவை மருத்துவர் ஜூல்ஸ் ஹார்டி 1960களில் இந்த அறுவைக்கு மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்ததிலிருந்து அப்படி எழுதப்பட்டவற்றில் எத்தனை, காணாததால் மட்டும் முழுமையானவை? அப்படியும் அந்த நோயாளிகளில் பலர் நன்றாகவே இருந்திருக்கிறார்கள். அப்போது கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாக வேண்டும் என்ற பரபரப்பு யாருக்காக?

குறிப்பில் 'இடப்பக்கம் மிச்சம், விடப்பட்டது' என்றே எழுதப்பட்டது. அடுத்த எம்ஆர்ஐ 3 மாதம் கழித்து. அதற்கு முன் எடுத்தால் குழியை அடைக்க வைத்த கொழுப்பும் உறைந்த ரத்தமும் கட்டியைப் போலவே தெரியக்கூடும்.