மக்காச்சோள வயலை நகராட்சி காட்டுயிர்களுக்காக வாங்கிய அனுபவம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தென்பகுதியில் நான் வசிக்கும் சிறு நகரம், தன் எல்லையை ஒட்டிக் கிடந்த 160 ஏக்கர் விளைநிலத்தைக் காட்டுயிர்களின் வாழிடமாக மாற்றுவதற்காகக் கிரயம் வாங்கியது. நகராட்சியின் பூங்கா ஆலோசனைக் குழுவில் ஊதியமற்ற உறுப்பினர் என்ற முறையில், மானிய விண்ணப்பம் முதல் விதை விதைப்பு வரை அந்தப் பணியில் உடனிருந்தேன்.

முதலில் பணம். 2008-ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் மினசோட்டா மக்கள், 2034 வரை விற்பனை வரியைக் கூடுதலாக 0.375 சதவீதம் செலுத்தத் தாமே சம்மதித்தார்கள். அந்த வருவாயில் 33 சதவீதம் புல்வெளி, சதுப்பு நிலம், காடு ஆகியவற்றைக் காப்பதற்கான நிதியில் சேர்கிறது. அதிலிருந்து மாநில இயற்கைவளத் துறை வழங்கும் மானியத்துக்கு நாங்கள் விண்ணப்பித்தோம். அந்த நிதியில் முழு உரிமையுடன் வாங்கும் நிலம், சட்டம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, பருவகாலத்தில் பொதுமக்களின் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள நிபந்தனை.

1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துவிட்ட இந்தியாவில் வளர்ந்த எனக்கு இந்த நிபந்தனை உறுத்தலாகவே இருந்தது. ஆனால் இங்கே காட்டுயிர் நிலங்களுக்கு நீண்டகாலமாகச் செலவிட்டு வருபவர்களில் வேட்டைக்காரர்கள் முக்கியமானவர்கள். 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, அவர்கள் வாங்கும் நீள்துப்பாக்கிகள், தோட்டாக்கள் ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் 11 சதவீத வரி, மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிகளுக்கே செல்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு மட்டுமான பூங்கா வேண்டும் என்று கேட்ட நண்பர்களிடம், வேட்டைக்காரர்களை விலக்கிவிட்டு அவர்களும் சேர்ந்து கட்டிய பணத்தை மட்டும் கேட்பது நியாயமாகாது என்று நான் வாதிட்டேன். இன்றும் அதுவே என் கருத்து.

மதிப்பீட்டாளரின் அறிக்கை, வில்லங்கம் பார்த்தல், நில அளவை, பழைய எரிபொருள் தொட்டிகள் மண்ணில் புதைந்துள்ளனவா என்ற ஆய்வு, கைவிடப்பட்ட கிணற்றை முறைப்படி அடைத்தல் ஆகியவை மெதுவாக, ஆனால் சிக்கலின்றி முடிந்தன. குத்தகைக்குப் பயிரிட்டு வந்த விவசாயி அந்த ஆண்டு அறுவடையை முடித்துக்கொள்ளும் வரை நிலத்தில் கைவைப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது நிலத்துக்கு அடியில் இருந்தது. இப்பகுதியின் வயல்கள் பல, சதுப்பு நிலங்களை வடித்து உருவாக்கப்பட்டவை. மூன்று நான்கு அடி ஆழத்தில் பதித்த வடிகால் குழாய்கள், பழைய வயல்களில் சுட்ட மண்ணாலானவை, நீரை உறிஞ்சி அரசுக் கால்வாய்க்குக் கொண்டுசெல்கின்றன. குழாயை உடைத்தால் பள்ளத்தில் மீண்டும் நீர் தங்கும், வாத்துகள் வரும் என்பதே எங்கள் திட்டத்தின் உயிர். ஆனால் மேட்டுப்புறத்து விவசாயியின் வடிகாலும் எங்கள் நிலத்தினூடேதான் ஓடியது. உடைத்தால் அவருடைய சோயா வயல் மூழ்கிவிடும். அந்தக் குழாய்களுக்கு நம்பத்தக்க வரைபடம் எதுவும் இருக்கவில்லை. பொக்லைன் வைத்துத் தோண்டிப் பார்த்துத்தான் வழித்தடங்களைக் கண்டறிந்தோம். இறுதியில் அவருடைய நீரைத் துளையில்லாத புதிய குழாயில் தனியே கால்வாய்க்குச் செலுத்தி, பராமரிப்பு யாருடையது என்பதை எழுத்தில் பதிவுசெய்த பிறகே, எங்கள் குழாய்களைத் துண்டித்தோம். இத்தகைய நிலத்தை வாங்க நினைக்கும் எந்த ஊரும், விலை பேசுவதற்கு முன்பே வடிகால் ஆய்வை முடித்துவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

நிலத்தின் ஒரு பகுதி நகர எல்லைக்குள் வந்ததால், எல்லைக்குள் துப்பாக்கி வெடிப்பதைத் தடைசெய்யும் நகராட்சி விதியையும் திருத்த வேண்டியிருந்தது. பொதுக் கூட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெற்றோர் எழுப்பிய அச்சம் முற்றிலும் நியாயமானது. இயற்கைவளத் துறையுடன் கலந்து பேசி, வீடுகள் உள்ள பக்கத்தில் சுடக்கூடாத பட்டை ஒன்றை ஒதுக்கி, ரைஃபிளை விலக்கி, வில்லையும் ஷாட்கன்னையும் மட்டும் அனுமதித்தோம். ஷாட்கன்னின் சிறுகுண்டுகள் ரைஃபிள் குண்டைப்போல் மைல் கணக்கில் பாய்வதில்லை. நகர்மன்றம் அதன் பிறகுதான் தீர்மானத்தை நிறைவேற்றியது. மானியம் தந்த நிதிக்கான மாநில மன்றத்தின் ஒப்புதலின்றி நிலத்தை விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ இயலாது என்ற கட்டுப்பாடும் ஆவணங்களில் பதிவாகியுள்ளது. பிற்காலத்தில் எந்த நகர்மன்றமும் இதை எளிதில் மனைகளாகப் பிரித்துவிட முடியாது என்பதால், எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான்.

மினசோட்டாவில் ஒரு காலத்தில் 1.8 கோடி ஏக்கர் பரந்திருந்த இயற்கைப் புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சதவீதத்துக்குச் சற்றே அதிகம். எனவே இம்மண்ணுக்குரிய புற்களையும் பூச்செடிகளையும், இவ்வட்டாரத்தில் சேகரித்த விதைகளைக் கொண்டே விதைத்தோம். அவை முதல் சில ஆண்டுகள் வேர்விடுவதிலேயே கழிக்கும். மேலே களைதான் தெரியும். விதைத்தும் ஒன்றும் வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு அதை விளக்குவதும், களையை விதைகட்டும் முன், வெட்டுக்கருவியை உயர வைத்து வெட்டுவதும் தற்போது எங்கள் குழுவின் பணிகள்.